சாகாத நூல்

காலையிலிருந்து அண்ணி ஆய்வுக்கூடத்தில் ஒரு ஃப்ரீசரை முறைத்துக்கொண்டிருந்தாள். ஃப்ரீசரும் சளைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

"அது வாயத் திறக்காது அண்ணி," என்றான் கொழுந்தன். "நாமளும் எத்தனை தடவதான் விசாரிக்கிறது?"

"நீ வாய மூடு. இன்னைக்கு அது ஒண்ணாவது நடக்கட்டும்."

அண்ணிக்கு எரிச்சல் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பாள். இன்று அவள் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்து காணாமல் போயிருக்க வேண்டும். அவள் அலுவலகத்தில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே இருந்தது மொத்தம் இரண்டு பேர். மூளை அவளுடையது. வாய் அவள் கணவனின் தம்பியுடையது. அவன் மூச்சுக்கு மூச்சு அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், வருகிற வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பது இப்போது கணவனுக்கும் வங்கிக்கும் மட்டும்தான் ஞாபகம்.

வழக்கு கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. அவர்களை வரவழைத்த பெண்ணைக் கத்திரி என்று கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். மேஜை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால்கூடத் தாங்கமாட்டாள், பேசிக்கொண்டே துடைப்பாள். பேனாக்களை மேஜை விளிம்புக்கு நேராக அடுக்கி வைத்திருந்தாள். காலையில் அவள்தான் விஷயத்தைப் பாலர் வகுப்பு போல எடுத்துச் சொன்னாள்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஆக்டின்னு நூல் நூலா ஒண்ணு இருக்கு. செல்லுக்கு உருவம் குடுக்கிறது அது. செல் நகரணும்னா முன்பக்கம் புது நூல் வளரணும், பின்பக்கம் பழைய நூலை வெட்டி, அந்தத் துண்டையே திரும்ப முன்னால அனுப்பணும். வெட்டு நின்னு போச்சுன்னா செல் விறைச்சுப் போயிடும். நகரவும் முடியாது, ரெண்டாப் பிரியவும் முடியாது."

"வெட்டுறது யாரு?" என்று கேட்டாள் அண்ணி.

"நூலைப் பிடிச்சு வெட்டுறதுக்குன்னே சில புரோட்டீன் இருக்கு. கோஃபிலின்னு ஒண்ணு, எல்லாருக்கும் தெரிஞ்சது. அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இன்னொண்ண நான் கண்டுபிடிச்சேன். அதுவும் வெட்டும்."

"அக்காவும் வெட்டுவாங்க, தங்கச்சியும் வெட்டுவாங்களா?" என்றான் கொழுந்தன். "அந்த வீட்டு மாப்பிள்ளையை நெனச்சா பாவமா இருக்கு."

கத்திரி சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையிலும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் எழுதிய கட்டுரை பேரும் புகழுமாக வெளியானது. பிறகு மற்ற ஊர்க்காரர்கள் செய்து பார்த்தார்கள். அந்தத் தங்கச்சி வெட்டவே இல்லை. புகார் வந்தது. விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். குழுவின் கண் முன்னால் இரண்டு தடவை செய்து காட்டினாள். இரண்டு தடவையும் நூல் அப்படியே நின்றது. இன்று சாயங்காலம் குழு கடைசியாகக் கூடுகிறது. இன்றும் ஒன்றும் நடக்காவிட்டால் வேலை போகும்; கூடவே, பொய்க்காரி என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரீசரில் இருக்கும் தன் புரோட்டீன் டியூபை யாரோ மாற்றிவிடுகிறார்கள் என்பது அவள் கட்சி.

"யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க அண்ணி. நான் பொய் சொல்லல," என்றபோது அவள் குரல் உடைந்தது. அண்ணிக்கு மனசு இளகிப்போய், "சாயங்காலத்துக்குள்ள பிடிச்சிடலாம்மா," என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தாள்.

வாக்கா அது? வம்பு.

டியூபை யாரும் மாற்றவில்லை. மூடியைச் சுற்றிக் கத்திரியே சிவப்பு நகப்பூச்சு பூசி வைத்திருந்தாள், யாராவது திறந்தால் விரிசல் விடட்டும் என்று. விரிசல் இல்லை. ஃப்ரீசருக்கு எதிரே கேமரா இருந்தது. அதில் வந்து போனது கத்திரியின் முகம் மட்டும். போன வாரம்தான் அதே சரக்கு நிரப்பிய இன்னொரு டியூபிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்திருந்தார்கள். உள்ளே இருப்பது அதே புரோட்டீன், அதே அளவு, அதே சுத்தம். களவு போகாத பொருளுக்குக் கள்ளனைத் தேடச் சொன்னால் அண்ணி என்ன செய்வாள், பாவம்!

முதலில் பேராசிரியரைப் பிடித்தார்கள். கூடத்துக்குத் தலைவர். எதைக் கேட்டாலும் பெருமூச்சை முதலில் விட்டுவிட்டுப் பதிலைப் பிறகு சொல்பவர்.

"அவ மேல உங்களுக்கு ஏதாவது கோபமா சார்?"

பெருமூச்சு. "என் பேரும் அந்தக் கட்டுரைல இருக்கும்மா. அவ விழுந்தா நானும் சேர்ந்துதான் விழணும்."

"இங்க அவளுக்குப் பிடிக்காதவங்க யாரு?"

"அவளுக்குன்னு தனியா யாரும் இல்ல. எல்லாருக்கும் பிடிக்காதவர் ஒருத்தர் இருக்கார்."

அந்த ஒருத்தர்தான் நூல்காரர். கூடம் முழுவதற்கும் ஆக்டின் நூல் தயாரித்துப் பங்கு பிரித்துக் கொடுக்கும் மூத்த விஞ்ஞானி. உள்ளே நுழைந்த அண்ணியைப் பார்த்ததும் குளிரறைக் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினார்.

"கதவத் திறந்து போட்டுட்டு நிக்காதீங்க! சூடு ஏறினா நூல் போச்சு. யார் நீங்க? துப்பறியறவங்களா? எதைத் துப்பறியப் போறீங்க? அந்தப் பொண்ணோட கத்திரி வெட்டல. வெட்டாததை வெட்டலன்னு சொல்றதுக்கு ஒரு குழு, அதுக்கு மேல ரெண்டு துப்பறியும் சிங்கம்!"

"ஒரு சிங்கம்தான் சார்," என்றான் கொழுந்தன். "நான் கூட வந்தவன்."

"வெளியே!"

தாழ்வாரத்தில் நின்று அண்ணி கண்ணாடியைத் துடைத்தாள். அவர் கத்தியதில் ஒரு துப்பும் இல்லை. பேராசிரியரின் பெருமூச்சிலும் இல்லை. கேமராக்காரன், காவலாளி, பக்கத்து அறைக்காரர்கள் என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாததை விலாவாரியாகச் சொன்னார்கள். அண்ணிக்கு மண்டை காய்ந்தது.

இதற்கு நடுவே கத்திரி வேறு. உட்காரவும் மாட்டாள், இவர்களை உட்கார விடவும் மாட்டாள். "அந்த ஃப்ரீசர் போதும் அண்ணி, இந்தப் பக்கம் வந்து பாருங்களேன்," என்று மைக்ராஸ்கோப் மேஜைக்குக் கூட்டிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து டீ கொண்டு வந்தபோதும் கோப்பைகளை அந்த மேஜை ஓரத்தில்தான் வைத்தாள். மூன்றாவது தடவை, "நூல் எப்படி இருக்கும்னு நீங்க பாக்கவே இல்லையே. நேத்து காலைல போட்ட ஸ்லைடு இதுலயே இருக்கு, எடுக்க மறந்துட்டேன்," என்றாள்.

"திருடனைப் பாக்கணும்மா எனக்கு. நூலைப் பாத்து என்ன பண்ண?" என்று அண்ணி எரிந்து விழுந்தாள். கத்திரி உதட்டைக் கடித்துக்கொண்டு கோப்பைகளைக் கழுவப் போனாள். அவள் முகத்திலும் எரிச்சல் இருந்தது.

கடைசியில் பார்த்தவன் கொழுந்தன்தான். வேறு வேலை இல்லாமல் நாற்காலியில் சாய்ந்து சுழன்றுகொண்டிருந்தவன் அலுத்துப்போய்க் கண்ணை வைத்தான்.

"அண்ணி, அழகா இருக்கு. இருட்டுல யாரோ பச்சை நூடுல்ஸைக் கொட்டின மாதிரி."

"சாப்பாட்டு ஞாபகத்தைத் தவிர உனக்கு..."

அவள் முடிப்பதற்குள் நூல்காரர் எதையோ தேடிக்கொண்டு தடதடவென்று உள்ளே வந்தார். கொழுந்தனின் சட்டைக் காலரைப் பிடித்து நகர்த்தினார். "யாரைக் கேட்டு இதைத் தொடுற?" என்றபடி தானும் குனிந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கே. இப்ப யார் போட்டது?"

"இப்ப இல்ல சார். நேத்து காலைல போட்டதாம்."

நூல்காரர் நிமிர்ந்தார். அன்று முழுவதும் முதல் தடவையாக அவர் கத்தாமல் பேசினார்.

"நேத்தா? சான்ஸே இல்ல. நான் குடுக்கிற நூல் ஸ்லைடுல ராத்திரி வரைக்கும் தாங்கினாலே அதிசயம். அதுவா பிரிஞ்சு உதிர்ந்து போகும். மறுநாள் இப்படி முறுக்கா நிக்காது."

அண்ணிக்குச் சுரீர் என்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"சாக வேண்டியது சாகலைன்னு சொல்றீங்க."

"அதேதான்."

"காலைலேர்ந்து நாங்க எல்லாரும் கத்திரிக்கோலையே பாத்துட்டிருந்தோம்," என்றாள் அண்ணி மெதுவாக. "துணியை யாரும் பாக்கல. சார், ஒரு கேள்வி. இதுக்கு ஒரு அக்கா உண்டுன்னாங்களே, கோஃபிலின்னு. குழு முன்னால அந்த அக்காவையும் விட்டுப் பாத்தாங்களா?"

நூல்காரர் வாசல் பக்கம் திரும்பினார். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த பேராசிரியர் பெருமூச்சுகூட விடவில்லை.

"அது வெட்டும்னுதான் எல்லாருக்கும் தெரியுமேம்மா," என்றார். "தெரிஞ்ச விஷயத்தை யார் மறுபடி..."

"இவ்வளவு படிச்சவங்க மட்டும்தான் அப்படி விடுவீங்க சார். எங்க வீட்டுல பல்பு எரியலைன்னா முதல்ல வேற பல்பைப் போட்டுப் பாப்போம்."

பார்த்தார்கள். குழு முன்னால் கத்திரி பயன்படுத்திய நூலையே அவள் பெட்டியிலிருந்து எடுத்து, அதன் மேல் கோஃபிலினைச் சொட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். ஊருக்கே தெரிந்த அந்த அக்காவும் வெட்டவில்லை. நூல் அசையாமல் கிடந்தது. நூல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"காளான்!" என்றார்.

"நூடுல்ஸ்க்கு நல்லாத்தான் இருக்கும்," என்று கொழுந்தன் ஆரம்பித்து, அண்ணியின் பார்வையில் அடங்கினான்.

"விஷக்காளான்யா. அதுலேர்ந்து எடுக்கிற ஃபல்லாய்டின். நூலோட ஒட்டிக்கிட்டு அதை உதிர விடாது. கோஃபிலின் மாதிரி ஆளுங்களை நூல் மேல உட்காரவும் விடாது. நிறமில்லாத சரக்கு, கலந்தா கண்ணுக்குத் தெரியாது. யாரோ இந்த நூல்ல அதைக் கலந்திருக்காங்க."

கதவருகே நின்ற கத்திரி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அண்ணி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா குழு கூடும் வரைதான் நிலைத்தது.

பெரிய அறை. வெளியிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் இருவர், பேராசிரியர், நூல்காரர், கத்திரி, நீள மேஜை. அண்ணி நடந்ததைச் சொன்னாள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். கெட்டுப்போன நூலில் செய்த சோதனைகள் செல்லாது, கத்திரி மேல் குற்றமில்லை, வெளியூர்க்காரர்களுக்கும் பதில் சொல்லும்படி மறுபடி செய்துகாட்ட ஒரு வருஷ அவகாசம் என்றார்கள். எல்லாம் சுமுகமாகப் போயிற்று. அடுத்த கேள்வி தானாக வந்தது. நிறமில்லாத அந்தக் காளான் விஷம் இந்தக் கட்டிடத்தில் யாரிடம் இருக்கிறது?

"என் இழுப்பறைல," என்றார் நூல்காரர். "வேற எங்க இருக்கும்? நூலைக் கெடாம வெக்கிறதுக்கு நான்தான் வாங்கி வெச்சிருக்கேன்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் சொன்னதன் அர்த்தம் அவருக்கே கடைசியாகத்தான் உறைத்தது.

"யோவ், நான்தானய்யா கண்டுபிடிச்சுச் சொன்னேன்! இழுப்பறைக்குப் பூட்டே கிடையாது! எவனும் எடுக்கலாம்!" அவர் மேஜையை அறைந்தார். அறைந்ததுதான் தப்பாகப் போயிற்று. பெரியவர் ஒருவரின் தண்ணீர் டம்ளர் அந்தப் பெரியவர் மடியிலேயே கவிழ்ந்தது. நூல்காரருக்காக ஒரு வார்த்தை பேச அங்கே ஆள் இல்லை. அவரிடம் திட்டு வாங்காத ஒருவரும் அந்த அறையில் இல்லையே! அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதென்றும், குளிரறைச் சாவியை இப்போதே வாங்கிவிடுவதென்றும் முடிவாயிற்று. அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். கத்திரி தலை குனிந்து தன் எதிரே சிந்தியிருந்த தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சுட்டோம் அண்ணி," என்றான் கொழுந்தன். "முகத்தைக் கொஞ்சம் ஜெயிச்ச மாதிரி வெச்சுக்கோங்க. பாக்கிறவங்க துக்கம் விசாரிச்சிடப் போறாங்க."

"எனக்குப் பிடிக்கலடா. எங்கயோ உறுத்துது. தப்பு பண்ணினவன் தானே வந்து, இதோ பாரு தப்புன்னு காட்டுவானா?"

"கோபக்காரங்க அப்படித்தான், வாய் முந்திக்கும். ஆனா ஒண்ணு, நாம கண்டுபிடிச்சோம்னு வெளிய சொல்லிக்காதீங்க. அந்தப் பொண்ணு நம்மள மாட்டைத் தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போற மாதிரி மூணு தடவ அந்த மேஜைக்குக் கூட்டிட்டுப் போச்சு. நாமதான் குடிக்க மாட்டேன்னு முரண்டு பிடிச்சோம். எனக்கே வெக்கமா..."

அவன் நிறுத்தினான். அண்ணி அவன் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"என்ன சொன்னே?"

"மாடுன்னு சொன்னது என்னைத்தான் அண்ணி."

"ஸ்லைடை எடுக்க மறந்துட்டேன்னு சொன்னா. ஒரு சொட்டுத் தண்ணி மேஜைல நின்னா தாங்காதவ, ஒரு நாள் பூரா ஸ்லைடை மறப்பாளா?" அண்ணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மற்றவர்கள் மேல் வந்த எரிச்சலெல்லாம் ஒன்றுமில்லை. இது தன் மேலேயே வந்த எரிச்சல். "நமக்குத் துப்பு கிடைக்கலடா. நமக்குத் துப்பு பரிமாறியிருக்கா. நாம மந்தமா இருந்தது அவளுக்கே பொறுக்கல. ஐயோ, அந்த மனுஷன்கிட்ட சாவிய வாங்கிட்டாங்களே என் பேச்சைக் கேட்டு!"

கதவை அவள் தட்டவில்லை, தள்ளினாள். பெரியவர்கள் பையை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு," என்றாள் அண்ணி. "கெட்ட நூல்ல வெட்டலன்னு பாத்துட்டோம். நல்ல நூல்ல வெட்டுதான்னு யாரும் பாக்கலையே."

"அதுக்குத்தான் ஒரு வருஷம் டைம் குடுத்திருக்கோம்," என்றார் பேராசிரியர்.

"வருஷம் எதுக்கு சார்? குளிரறைல நூல் இருக்கு. நீங்களே உங்க கையால எடுங்க. முதல்ல அக்கா, அப்புறம் தங்கச்சி. அரை மணி நேர வேலை."

கத்திரி எழுந்தாள். "இன்னைக்கு வேண்டாமே அண்ணி. புதுசா தயாரிக்கணும். அந்த டியூப் பழசு, கெட்டுப் போயிருக்கலாம். அதுல வேற யாரு என்ன பண்ணினாங்களோ..."

"அந்த டியூப்பா? சிவப்புப் பூச்சு பூசினதா?" அண்ணி அவளை நேராகப் பார்த்தாள். "கேமரால உன்னைத் தவிர யாரும் இல்ல. பூச்சுல கீறல் இல்ல. உள்ள சரக்கு சுத்தம். யாரும் தொடலன்னு ஊரைக் கூட்டி நிரூபிச்சது நீதானேம்மா? இப்ப அதுக்கு என்ன ஆச்சு?"

கத்திரி எதிரே இருந்த பேனாவை மேஜை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

மைக்ராஸ்கோப்பைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். பேராசிரியர் குளிரறையிலிருந்து நூல் கொண்டு வந்தார். கை பழகியவர் வேண்டும் என்று நூல்காரரையே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே சொட்டினார். முதல் ஸ்லைடில் கோஃபிலின். பேராசிரியர் குனிந்தார். "வெட்டுது," என்றார். "துண்டு துண்டாப் போகுது." நூல் நல்ல நூல்தான், சந்தேகமில்லை.

இரண்டாவது ஸ்லைடு. பூச்சை உடைத்து டியூபைத் திறந்தார்கள். பேராசிரியர் பார்த்தார். பிறகு பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள். பச்சை நூல்கள் நீளநீளமாக, ஒரு கீறல் படாமல் கிடந்தன. அவள் நிமிர்ந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஏம்மா?" என்று கேட்டார் பேராசிரியர். பெருமூச்சு இல்லாத கேள்வி அது.

கத்திரி சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஒரு தடவை வெட்டுச்சு சார். சத்தியமா. ரெண்டு வருஷம் முன்னாடி, என் கண்ணால பாத்தேன். அப்புறம் அது வரவே இல்ல. வரும் வரும்னு இருந்தேன். மத்தப் படமெல்லாம் அந்த ஒரு ஸ்லைடையே திருப்பித் திருப்பி எடுத்தது. கட்டுரை வந்துடுச்சு. எல்லாரும் பாராட்டினாங்க. எங்க அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கார். எனக்குக் கொஞ்சம் டைம் கிடைச்சா போதும்னு... அதான் நூல்ல கலந்தேன்."

"அதுக்கு எங்களை எதுக்குக் கூப்பிட்டே?" என்றாள் அண்ணி.

"நானே கண்டுபிடிச்சா யார் நம்புவாங்க? நீங்க கண்டுபிடிச்சா நம்புவாங்க."

"பழி இவர் மேல விழும்னு தெரியும், இல்ல?"

கத்திரி தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "இவர் எல்லார்கிட்டயும் சண்டை போடுறவர். யாரும் வருத்தப்பட மாட்டாங்கன்னு நெனச்சேன்."

நூல்காரர் வெடிக்கப் போகிறார் என்று அண்ணி எதிர்பார்த்தாள். வெடிக்கட்டும், நாலு வார்த்தை கேட்கட்டும், அவருக்கு இல்லாத உரிமையா என்று நினைத்தாள்.

அவர் வெடிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி குனிந்தே இருந்தார். இங்கே பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. ஒரு விரலால் திருகைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே திருப்பிக்கொண்டிருந்தார்.

"போதும், எழுந்திருங்க," என்றார் பேராசிரியர். "முடிஞ்சு போச்சு."

"கொஞ்சம் இருங்க. ஒரு தடவை வெட்டுச்சுங்கறாளே." கண்ணை எடுக்காமல்தான் சொன்னார். "இது மெதுவா வெட்டுற சாதியோ என்னவோ. இன்னும் கொஞ்ச நேரம் குடுத்துப் பாப்போம். பொண்ணு பாத்தேன்னு சொல்றா, அவ்வளவு சீக்கிரம் இல்லன்னு சொல்லிட முடியுமா?"

பெரியவர்கள் பையைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். நூல்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், வேண்டாம்," என்றாள் கத்திரி.

"ஷ்ஷ். ஒரு ஓரத்துல ஏதோ அசையுற மாதிரி..."

"சார், போதும் சார்! பாக்காதீங்க!" அவள் ஓடி வந்து மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தாள். முகமெல்லாம் கண்ணீர்; அதைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை. "அது வெட்டாது. அன்னைக்கும் வெட்டல. அவசரத்துல சொட்டு விடுற பிப்பெட்டை நான் வேகமா அமுக்கிட்டேன், அந்த வேகத்துல நூல் அறுந்து போச்சு. மறுநாளே எனக்குப் புரிஞ்சுடுச்சு சார். வெட்டினது என் கைதான். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்."

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து தேடிய கள்ளன் கிடைத்தாயிற்று. இவ்வளவு எரிச்சலோடு அவள் எந்த வழக்கையும் முடித்ததில்லை.

நூல்காரர் மெல்ல நிமிர்ந்தார். கண்ணைச் சுற்றிக் கருவியின் வளையம் அழுந்திய தடம் சிவந்திருந்தது. நாற்காலியைக் கத்திரி பக்கம் திருப்பினார்.

"இதை அன்னைக்கே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே பொண்ணு," என்றார். "நாலு திட்டு திட்டிட்டு வேற நூல் குடுத்திருப்பேனே."